ஆற்றோர நடைக்கு நாயின் லைஃப் ஜாக்கெட்: முதல் மதிப்பெண் முதுகுக் கைப்பிடிக்கு

நாய்க்கென்று விற்கும் லைஃப் ஜாக்கெட்டுகளில் பெரும்பாலானவை நீச்சல் குளத்தையும் அசையாத ஏரியையும் மனதில் வைத்துத் தைத்தவை. ஆற்றை ஒட்டி நடந்து, வழியில் இரண்டு மூன்று ஓடைகளைக் கடந்து, கடைசியில் அருவியடி மடுவில் நாயை இறக்கிவிடுகிறவருக்கு அவை பாதிக்குப் பாதிதான் உதவும். இந்த மதிப்பீடு அந்த மாதிரி நடைக்கு மட்டும். ஜாக்கெட்டோடு கூடப் போகிற கயிறு, ஹார்னஸ் (நெஞ்சையும் உடலையும் சுற்றி மாட்டும் பட்டை), காலுறை பற்றியும் சொல்கிறேன். காசு போட வேண்டியது ஜாக்கெட்டிலும் கயிற்றிலும்தான். மற்றவை இல்லாவிட்டால் நடை நின்றுவிடாது.

முதலில் ஒரு விஷயம். படகில் போகும் மனிதர் போடுகிற ஜாக்கெட்டுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை போன்ற அமைப்புகளின் அங்கீகார முத்திரை உண்டு. நாய் ஜாக்கெட்டுக்கு அந்த அங்கீகாரம் கிடையாது. பெட்டியில் ‘சோதிக்கப்பட்டது’ என்று போட்டிருந்தால், யார், எப்படிச் சோதித்தார்கள் என்பது அந்தக் கம்பெனி சொல்வதோடு சரி. ஆகவே சோதனையை வாங்குகிறவரே செய்துகொள்ள வேண்டியதுதான். கஷ்டமில்லை, கடையிலேயே முக்கால்வாசி முடிந்துவிடும்.

ஆற்றில் ஜாக்கெட்டின் முதல் வேலை மிதக்க வைப்பது அல்ல. ஆரோக்கியமான பெரும்பாலான நாய்கள் கொஞ்ச நேரத்துக்குத் தானே மிதந்துகொள்ளும். சிக்கல் வருவது கரையேறும் இடத்தில். பாசி படிந்த பாறை, நகம் பிடிக்காத சரிவு, காலுக்கு எட்டாத ஆழம் மூன்றும் சேர்ந்தால் நாய் பாறையைப் பிறாண்டிப் பிறாண்டி நாலைந்து நிமிடத்தில் களைத்துவிடும். அப்போது மேலிருந்து ஒரு கை பிடித்துத் தூக்க முதுகில் ஏதாவது இருக்க வேண்டும். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தால் மூச்சுக்குழல் நசுங்கும், பட்டை தலை வழியே கழன்றும் வரும். முதுகுக் கைப்பிடிக்கு முதல் மதிப்பெண் கொடுப்பது இதற்காகத்தான்.

கைப்பிடியில் பார்க்க வேண்டியவை: உள்ளங்கை முழுதும் நுழைய வேண்டும். குளிரில் விறைத்த விரல், ஈரக் கை இரண்டுக்கும் அந்த இடம் போதுமா என்று யோசியுங்கள். கைப்பிடி பட்டை துணியின் மேல் மட்டும் தைத்திருந்தால் தள்ளி வையுங்கள். வயிற்றைச் சுற்றி வரும் பெல்ட்டின் மேலேயே கைப்பிடி வந்து இணைந்திருக்க வேண்டும், அப்போதுதான் எடை தையலில் விழாமல் பெல்ட்டில் விழும். இணைப்பில் பெட்டி வடிவத்தில் தைத்து உள்ளே பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். அது இருந்தால் நம்பலாம். ஒற்றை வரித் தையல் ஈரத்திலும் வெயிலிலும் முதலில் விட்டுப்போகும். படுத்தே கிடக்கும் கைப்பிடியைவிடக் கொஞ்சம் எழும்பி நிற்கும் கைப்பிடி கைக்குச் சட்டென்று அகப்படும். ஆனால் அதிகம் எழும்பினால் நீரில் கிடக்கும் கிளையில் மாட்டும். இரண்டு விரல் உயரம் சரி.

பெரிய நாய்க்கு ஒரே கைப்பிடி போதாது. முப்பது கிலோ நாய், நனைந்த ரோமம், வழுக்கும் பாறையில் குனிந்து நிற்கும் நாம்: ஒரு கையில் நேராகத் தூக்குவது நடக்கிற காரியம் அல்ல, இடுப்புதான் பிடித்துக்கொள்ளும். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரட்டைக் கைப்பிடி உள்ளதை எடுங்கள். தூக்கும் முறை இப்படி: நிற்காதீர்கள், மண்டியிடுங்கள். நாயைப் பாறைக்கு இணையாக வரவிட்டு, முன் கைப்பிடியால் அதன் முன்னங்கால்களை விளிம்பில் வையுங்கள். அது பிடித்ததும் பின் கைப்பிடியைப் பற்றிப் பின்பக்கத்தை உள்ளே உருட்டுங்கள். நாயும் பாதி வேலை செய்யும்.

அடுத்தது மிதவை. உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு தண்ணீர் உறிஞ்சாத மூடிய அறை வகையாக (ஒவ்வொரு குமிழும் தனித்தனியே அடைபட்டதாக) இருக்க வேண்டும். பாலித்தீன் நுரையும் உண்டு, ரப்பர் போல மெத்தென்ற நைட்ரைல் நுரையும் உண்டு. பாலித்தீன் கெட்டியாக, பலகை போல நிற்கும். நைட்ரைல் நாயின் உடலோடு வளையும். நடந்து திரிகிற நாய்க்கு இரண்டாவது மேல். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி சட்டென்று எழும்ப வேண்டும். விரல் தடம் அப்படியே கிடந்தால் நுரை ஏற்கெனவே செத்துவிட்டது என்று பொருள். குறைந்த விலை சரக்கிலும், வருடக்கணக்கில் தட்டில் கிடந்த சரக்கிலும் இது சகஜம். ரஃப்வியர் நிறுவனத்தின் ஃப்ளோட் கோட் இந்த மூடிய அறை நுரையைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்து முதுகில் கைப்பிடியும் கொடுத்த வகை. அதே அமைப்பைப் பின்பற்றி வேறு பெயர்களிலும் நிறைய வருகின்றன. பெயரை விட்டு அமைப்பைப் பாருங்கள்.

நுரை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முதுகில் மட்டும் பஞ்சு வைத்து வயிற்றில் வெறும் பெல்ட் விட்டிருந்தால் நாய் பக்கவாட்டில் சாயும். நீந்தும்போது நாய் தலையைத் தூக்கும், பின்பக்கம் தாழும். களைத்த நாய் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நின்று முன்னங்காலால் தண்ணீரை அடிப்பதைப் பார்க்கலாம். பக்கவாட்டிலும் வயிற்றடியிலும் நுரை உள்ள ஜாக்கெட் அதைக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவரும். தாடைக்குக் கீழே வரும் கூடுதல் மிதவை பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குக் கட்டாயம் என்பேன். மூச்சு விட மூக்கை மிகவும் நிமிர்த்த வேண்டியிருப்பதால் அவற்றின் பின்பக்கம் இன்னும் வேகமாக மூழ்கும். டாக்ஸ்ஹண்ட் போன்ற குட்டைக் கால் நாய்க்கும் வைத்துக்கொள்ளலாம். நன்றாக நீந்தும் லாப்ரடாருக்கு அது இடைஞ்சல்தான், முன்னால் போகும் பார்வையை மறைத்து நாயை எரிச்சலாக்கும்.

எவ்வளவு நல்ல நுரையானாலும் அருவி விழும் இடத்தில் நம்பக் கூடாது. வெள்ளை வெளேரென்று நுரைத்துக் கிடக்கும் தண்ணீரில் பாதி காற்று. அடர்த்தி குறைவு, ஆகவே எதுவும் அதில் ஆழமாகத்தான் மிதக்கும். தவிர, விழும் நீர் அடியில் போய் மேலெழுந்து திரும்ப அருவியை நோக்கியே உருளும். அந்தச் சுழற்சியில் அகப்பட்ட மரக்கட்டை மணிக்கணக்கில் அங்கேயே புரண்டுகொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நாய்க்கும் அதே கதிதான். நீர் பச்சையாகவோ கறுப்பாகவோ தெளிந்து, மேலே மிதக்கும் சருகு மெதுவாக நகரும் இடம்வரை தள்ளி வந்த பிறகே இறக்க வேண்டும். சருகு நம் நடை வேகத்துக்கு ஓடினால் அங்கேயும் வேண்டாம். நீரின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. இறக்கும் முன் கீழ்நோக்கி ஐம்பதடி நடந்து பார்த்துவிடுங்கள். குறுக்கே விழுந்த மரம், கிளைகளுக்கிடையே தண்ணீர் சல்லடை போல வடிந்து போகும் இடம் இருந்தால் அந்த மடுவே வேண்டாம். தண்ணீர் புகுந்து போய்விடும், நாய் கிளையில் அழுந்தி நிற்கும். ஜாக்கெட் அங்கே கூடுதலாக மாட்டிக்கொள்ளும் ஒரு பொருள், அவ்வளவுதான்.

நிறத்தில் ஆரஞ்சுக்கே என் ஓட்டு. சிவப்பு மரநிழலில் கறுத்துவிடும், வெள்ளை நிறம் ஆற்று நுரையோடு கலந்துவிடும், நீலம் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாய்க்கு எந்த நிறம் பிடிக்கும் என்று அட்டையில் எழுதியிருப்பதை விடுங்கள், தேடப்போவது நம் கண்.

பக்கிளும் வெல்க்ரோவும்தான் ஆற்றில் முதலில் சதி செய்பவை. வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தில் நாய் முடியும் மணலும் சேரச் சேரப் பிடிப்பு போய்க்கொண்டே இருக்கும். நெஞ்சுப் பகுதியை வெல்க்ரோவை மட்டும் நம்பி மூடும் ஜாக்கெட்டை வாங்காதீர்கள். கூடவே பக்கிள் உள்ளதுதான் சரி. பக்கவாட்டில் அழுத்தித் திறக்கும் பிளாஸ்டிக் பக்கிளில் மணல் புகுந்தால் ‘கிளிக்’ சத்தம் வந்தும் ஒரு முனை மட்டும் மாட்டியிருக்கும். பார்வைக்குத் தெரியாது. மாட்டியதும் இரண்டு பக்கத்தையும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். அடைத்துக்கொண்டால் எண்ணெய் விடக் கூடாது, இன்னும் மணல் ஒட்டும். தண்ணீரில் ஆட்டிப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தாலே போதும்.

அளவெடுப்பதில்தான் அதிகப் பேர் தப்பு செய்கிறார்கள். நாயின் எடையைப் பார்த்து வாங்கவே கூடாது. இருபது கிலோ புல்டாக்கும் இருபது கிலோ ஒல்லி நாட்டு நாயும் ஒரே சட்டையைப் போட முடியுமா? நாய் நின்றுகொண்டிருக்கும்போது முன்னங்காலுக்குப் பின்னால், விலாக்கூடு மிக அகன்ற இடத்தில் நெஞ்சுச் சுற்றளவு எடுங்கள். இதுதான் பிரதான அளவு. அடுத்து கழுத்தின் அடிப்பாகம். பிறகு தோள் மேட்டிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை முதுகு நீளம். ஜாக்கெட் வாலைத் தொடக் கூடாது; தொட்டால் உட்காரும்போதெல்லாம் கழுத்துப் பக்கம் மேலேறித் தாடையை முட்டும். அளவு அட்டையில் இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் நெஞ்சளவு எதில் பொருந்துகிறதோ அதை எடுங்கள், முதுகு சற்றுக் குட்டையானாலும் பரவாயில்லை. ஆண் நாய்க்கு வயிற்றுப் பெல்ட் சிறுநீர்த் துவாரத்துக்கு முன்னாலேயே நிற்கிறதா என்றும் பாருங்கள்.

மாட்டியபின் பெல்ட்டுக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்ச்சி. இப்போது கைப்பிடியைப் பிடித்து முன்னங்கால்கள் தரையிலிருந்து நாலு விரல் எழும்பும்படி ஐந்து விநாடி தூக்குங்கள். ஜாக்கெட் காது நோக்கி நழுவினாலோ, முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கிக் கழன்றாலோ அந்த சைஸ் வேண்டாம். இந்த ஒரு சோதனையில் கடையில் இருக்கும் ஜாக்கெட்டுகளில் பல வீழ்ந்துவிடும். நைலான் பெல்ட் நனைந்தால் கொஞ்சம் இளகும். முதல் குளியலுக்குப் பிறகு திரும்ப ஒரு முறை இழுத்துக் கட்டுங்கள்.

ஜாக்கெட்டை நடை முழுக்கப் போட்டுவிட்டால் தொல்லை விட்டது என்று நினைப்பது ஆபத்து. நுரைப்பஞ்சு வெப்பத்தையும் தடுக்கும். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஏற்றத்தில் ஜாக்கெட்டோடு மூச்சிரைக்க ஏறும் நாய் அந்த இடைவெளியைச் சீக்கிரம் கடந்துவிடும். ஆகவே நிலத்தில் நடக்கும்போது ஜாக்கெட் நம் பையில். ஓடையைக் கடக்கும் முன், மடுவில் இறங்கும் முன் மாட்டி, ஏறியதும் கழற்றிவிடுங்கள். இப்படி நாளுக்கு ஆறேழு முறை மாட்டிக் கழற்ற வேண்டியிருப்பதால் பக்கிள் மூன்றுக்கு மேல் இருந்தால் நாமே சோம்பேறித்தனமாக விட்டுவிடுவோம். மூன்று பக்கிளுக்கு மேல் உள்ளதற்கு இதனாலேயே ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

இனி கயிறு. ஜாக்கெட்டின் முதுகு வளையத்தில் மட்டுமே மாட்ட வேண்டும், கழுத்துப் பட்டையில் ஒருபோதும் வேண்டாம். ஓடும் நீரில் கழுத்தில் கயிறு இறுகினால் நீரோட்டமே நாயை அழுத்திக் கீழே தள்ளும். கயிற்றை மரத்திலோ பாறையிலோ கட்டவும் கூடாது, மணிக்கட்டில் சுற்றவும் கூடாது. கையில் பிடித்தபடி, இழுப்பு வந்தால் நாய் போகும் திசையிலேயே கரையோரம் நடந்துபோங்கள். நின்ற இடத்திலேயே கெட்டியாகப் பிடித்தால் விசை முழுதும் கயிற்றில் ஏறும். கூடவே நடந்தால் நாய் வில் போல வளைந்து தானாகக் கரை சேரும்.

நீளம்: பாதையில் நடக்க ஒன்றரை முதல் இரண்டு மீட்டர், நீரில் விட ஐந்திலிருந்து பத்து மீட்டர். பெட்டியிலிருந்து நீண்டு சுருங்கும் கயிற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மணல் புகுந்தால் பிரேக் பிடிக்காது, மெல்லிய நூல் காலில் சுற்றினால் சதையை அறுக்கும். நீளக் கயிற்றின் கைப்பக்கத்து முனையில் வளையம் இருக்கவே கூடாது. இருந்தால் வெட்டி, முனையை உருக்கிவிடுங்கள். கை நழுவும்போது அந்த வளையம்தான் முதலில் வேரிலும் கல்லிடுக்கிலும் மாட்டும். நடுவில் முடிச்சும் வேண்டாம்.

பொருளைப் பொறுத்தவரை பாலிப்ரொப்பிலீன் கயிறு நீரில் மிதக்கும். நைலானும் பாலியஸ்டரும் மூழ்கிப் பாறையிடுக்கில் போகும். மிதக்கும் கயிறு கண்ணுக்குத் தெரியும், நாயின் காலுக்கடியிலும் போகாது. குறை என்னவென்றால் வெயில் அதை வேகமாகத் தின்னும், முரடாகிக் கையில் சிலும்பு குத்தும். நைலான் பட்டை தண்ணீரைக் குடித்துக் கனக்கும், மூன்று நாள் காயாது, நாற்றம் போகாது. தோல் விறைத்து வெடிக்கும். பாதையில் நடக்க பயோதேன் என்ற பெயரில் வரும், பாலியஸ்டர் பட்டைக்கு மேல் பிளாஸ்டிக் பூசிய வகைக்கு முதலிடம். ஒரு சொட்டு நீர் உறிஞ்சாது, துடைத்தால் காய்ந்தது. ஈரத்தில் வழுவழுப்பானது வழுக்கும் என்பதால் சொரசொரப்பு கொடுத்த வகையாகக் கேட்டு வாங்குங்கள். கொக்கி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கட்டைவிரலால் இழுக்கும் சாதாரணக் கொக்கியின் ஸ்பிரிங்கில் மணல் சிக்கினால் பாதி திறந்தபடியே நிற்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹார்னஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெஞ்சில் ஒய் வடிவத்தில் வரும், தோள் அசைவைத் தடுக்காத, வயிற்றுக்குப் பின்னால் இரண்டாவது பட்டை உள்ள வகை எடுங்கள். பாறையில் தூக்கி ஏற்றும்போது பின்பட்டை இல்லாத ஹார்னஸிலிருந்து நாய் பின்னால் நழுவிவிடும். ரஃப்வியர் வெப் மாஸ்டர் அந்த அமைப்பில் உள்ளது. ஜாக்கெட்டுக்கு அடியில் ஹார்னஸைப் போடாதீர்கள். ஈரத்தில் இரண்டு பட்டையும் உரசி அக்குளில் தோல் வழன்றுவிடும்.

காலுறைக்கு என் மதிப்பெண் குறைவு, அதற்குக் காரணமும் உண்டு. நீரில் இறங்கியதும் காலுறைக்குள் தண்ணீர் நிரம்பிப் பலூன் போலத் தொங்கும், நீந்தும் காலை இழுக்கும், நான்கில் ஒன்று எப்படியும் ஆற்றோடு போகும். கழலாமல் இறுக்கிக் கட்டினால் மணிக்கட்டுக்குக் கீழே பாதம் வீங்கும். வழுக்குப் பாறையில் நகத்தின் பிடிப்பும் போய்விடும். ஆனால் முற்றிலும் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். நனைந்து ஊறிய உள்ளங்கால் திண்டு மென்மையாகிவிடும். நீந்தி ஏறிய உடனே கரடுமுரடான பாறையில் ஒரு மணி நேரம் நடந்தால் உலர்ந்த கால் தாங்குவதில் பாதிகூடத் தாங்காது, தோல் உரிந்துவிடும். திரும்பும் வழியில், ஈரம் துடைத்தபின் போட்டுவிட ஒரு செட் பையில் இருக்கட்டும். வைப்ரம் என்ற பெயரில் வரும் ரப்பர் அடிப்பாகம் உள்ளவை பாறையில் பிடிக்கும். பெரும்பாலான நாய்களுக்கு முன்பாதம் பின்பாதத்தைவிட அகலம் என்பதால் நான்கையும் ஒரே அளவில் வாங்காமல் இரண்டு ஜோடியாக அளந்து வாங்குங்கள். பாறை சுடுகிறதா என்று பார்க்கப் புறங்கையை ஏழு விநாடி வையுங்கள். கை தாங்காவிட்டால் காலும் தாங்காது.

தண்ணீர்க் கிண்ணத்தில் மடிப்பு மடிப்பாகச் சுருங்கும் சிலிக்கான் வகையைவிடப் பூச்சுத் துணியில் தைத்தது மேல். சிலிக்கான் மடிப்பில் மண் சேரும், காற்றடித்தால் கவிழும். ஓய்விலேயே ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஐம்பது அறுபது மில்லி தேவை, நடையில் அதுபோல் இருமடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோவதுதான் சரி. ஆற்று நீரை வடிகட்டும் குழாய் ஜியார்டியா கிருமியைத் தடுக்கும், ஆனால் எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியாவின் உடல் அவ்வளவு மெல்லியது, 0.2 மைக்ரான் துளையிலும் நெளிந்து போய்விடும். அதற்குத் தடுப்பூசி உண்டு. முதல் இரண்டு டோஸ் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பிறகு வருடம் ஒன்று. தேங்கிய ஓரத்தில் பெயின்ட் கொட்டியது போலப் பச்சை ஆடை மிதந்தால் நாயை நீரில் காலே வைக்க விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு ரோமத்தை நக்கினாலே உள்ளே போகும், சில வகை ஒரு மணி நேரத்துக்குள் கொல்லும்.

எறிந்து எடுத்துவரும் விளையாட்டுக்குப் பந்தைவிடத் தட்டையான பொம்மை. உருண்டைப் பந்தைக் கவ்வ வாயை அகலத் திறக்கும்போது ஒவ்வொரு முறையும் தண்ணீர் உள்ளே போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரையேற்றி இளைப்பாற விடுங்கள். வயிறு உப்பி, எச்சில் ஒழுகி, கால் தள்ளாடினால் விழுங்கிய தண்ணீரால் ரத்தத்தில் சோடியம் சரிகிறது என்று பொருள், உடனே மருத்துவரிடம். குளிர்ந்த நீரில் அதிகம் நீந்திய மறுநாள் வால் அடிப்பாகம் மட்டும் நேராக நின்று மீதி துவண்டு தொங்கினால் பயப்பட வேண்டாம். வால் தசையின் பிடிப்பு அது, சில நாள் ஓய்வில் சரியாகும். வலிக்கும் என்பதால் மருந்து கேட்டுக்கொள்ளுங்கள். தொங்கு காது நாய்க்குக் காது மடலைத் தூக்கித் துணியால் ஒற்றி எடுங்கள், குச்சி விடாதீர்கள்.

வீடு வந்ததும் ஜாக்கெட்டை நல்ல தண்ணீரில் அலசி, எல்லாப் பக்கிளையும் திறந்துவிட்டு, நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நேர் வெயில் நைலான் நூலை இளைக்க வைக்கும், நிறமும் போகும். டிரையரில் போட்டால் நுரை சுருங்கிவிடும். காய்ந்தபின் வெல்க்ரோவிலிருந்து முடியைப் பல் சீப்பால் வாரி எடுத்து, வெல்க்ரோவை மூடியே வையுங்கள். கைப்பிடித் தையலை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு நூல் எழும்பியிருந்தாலும் அடுத்த நடைக்கு முன் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, அதே துளைகளில் பாலியஸ்டர் நூலால் இரண்டு வரி ஓட்டி வாங்கிவிடுங்கள். பருத்தி நூல் வேண்டாம், ஒரு பருவத்தில் இற்றுவிடும்.